யூதுக்கோவின் ஒரே ரசிகன்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் கதவுகளுக்குத் தகடு அடித்துக்கொடுக்கும் கம்பெனி ஒன்றில் ஜெபா குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தான். நாள் முழுக்க பிரஸ் மெஷின்கள் இடி இடிப்பதுபோல விழுந்துகொண்டிருக்கும் கூடத்தில், காதை அடைத்துக்கொண்டு நின்று, ஒவ்வொரு தகட்டையும் டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது அவன் வேலை. அதில் அவன் புலி. மற்றவர்கள் கண்ணில் படாத கீறல் அவன் கண்ணில் படும். ஆனால் அந்தத் திறமையை அவன் கம்பெனி வாசலோடு கழற்றி வைத்துவிட்டு வரவில்லை. ஊரார் கேட்கும் எல்லாப் பாட்டிலும் அவனுக்குக் கீறல் தெரிந்தது.

அவன் அப்பாவும் அம்மாவும் பொன்னேரி பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக் களை எடுத்தவர்கள். வீட்டில் இருந்த இசை, கோயில் திருவிழா ஸ்பீக்கரும் ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாடலும்தான். ஜெபா டிப்ளமா முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில், மிசோரத்திலிருந்து வந்த ஒருவன் அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்தான். கிடாரும் கையுமாக இருப்பவன். ஊருக்குத் திரும்பும்போது ஒரு பென்டிரைவை ஜெபாவின் கையில் வைத்து அழுத்திவிட்டுப் போனான். அதில் இருந்தது எல்லாமே யாரும் கேள்விப்படாத ராக் குழுக்களின் பாட்டு. பெரிய கம்பெனி எதிலும் சேராமல், வீட்டு மாடியிலும் கார் ஷெட்டிலும் தாங்களே பதிவு செய்து தாங்களே வெளியிடும் குழுக்கள். ஜெபா முதல் வாரம் தலைவலி மாத்திரையோடு கேட்டான். இரண்டாவது வாரம் மாத்திரை இல்லாமல் கேட்டான். மூன்றாவது வாரம் மற்றவர்களுக்கு மாத்திரை தேவைப்பட்டது.

அன்றிலிருந்து அவனுக்கு ஒரு கொள்கை வந்துவிட்டது. ஒரு பாட்டு நன்றாக இருக்க வேண்டுமானால் அதை யாரும் கேட்டிருக்கக் கூடாது. ஆயிரம் பேர் கேட்டுவிட்டால் அது எச்சில். ஞாயிறுதோறும் சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும், பிரியாணிக்கு முன்னால், 'இப்போது என் காதில்' என்று தலைப்பிட்டு, அப்போதைய விருப்பப் பாடல்களை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவான். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி விமர்சனம் இருக்கும். "இந்த கிடார் அழவில்லை, அழ மறுக்கிறது." "டிரம்ஸ் இருக்கிறது, ஆனால் இல்லாமல் இருக்கிறது." போன வாரம் தலையில் தூக்கிவைத்த பாட்டுக்கு இந்த வாரம் கேட்பவர் கூடிவிட்டால், அதை எடுத்துவிட்டு, "இவர்கள் விலை போய்விட்டார்கள்" என்று இரங்கல் எழுதுவான். அவன் ஸ்டேட்டஸைப் பார்த்த அத்தை ஒருத்தி ஒருமுறை கும்பிடும் கைப் படத்தை அனுப்பியிருந்தாள். யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டாள்.

பொன்னேரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில்தான் வேலைக்குப் போவான். பஸ்ஸில் அவன் பக்கத்து இருக்கை, கிரேன் ஓட்டும் தணிகாசலத்துக்கு. தணிகாசலத்துக்கு ஊரில் சொந்த நெல் வயல் உண்டு. மழை, யூரியா, பஸ் இந்த மூன்றைத் தவிர உலகில் பேச எதுவும் இல்லை என்று நம்புகிறவன். ஒருநாள் டிரைவர் ஆதிகேசவனின் பென்டிரைவ் கெட்டுப்போய், பஸ்ஸில் பாட்டு இல்லை. "யாராவது போன்ல போடுங்கபா" என்று அவர் சொன்னதுதான் தாமதம், ஜெபா எழுந்துபோய் தன் போனை இணைத்துவிட்டான். இத்தனை நாள் காத்திருந்த வாய்ப்பு. ஒரு கப்பல் தளத்தில் பதிவானதாகச் சொல்லப்பட்ட பாட்டைத் தேர்ந்தெடுத்தான். அதில் பாடகர் வாய் திறப்பதற்கு முன் வெகுநேரம் கிடார் தனியாக உறுமும்.

கவரைப்பேட்டை தாண்டவில்லை. ஆதிகேசவன் பஸ்ஸை ஓரம் கட்டினார். இறங்கி, குனிந்து, அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இன்னாண்ணே ஆச்சு?" என்று ஜன்னல் வழியாகத் தணிகாசலம் கேட்டான்.

"எங்கியோ பெல்ட்டு ஒரையுது நைனா. காதுல உளுவலியா ஒனக்கு?"

ஜெபா இறங்கிப் போனான். "அண்ணே, வண்டி நல்லாத்தான் கீது. அது பாட்டு."

"இதுவா?"

"ஆமாண்ணே. ஆல்டர்நேட்டிவ் ராக்."

ஆதிகேசவன் நிமிர்ந்தார். "அதான நானும் சொல்றேன். ஆல்டர்னேட்டர்தான் போயிருக்குது."

பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் அந்த ஆல்டர்னேட்டரையும் பார்த்து முடித்து, அன்று பஸ் தாமதமாகத்தான் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது. சாயங்காலத்துக்குள் பிரஸ் கூடம் முழுக்க ஜெபாவுக்கு 'ஆல்டர்னேட்டர்' என்று பெயர் நிலைத்துவிட்டது. சூப்பர்வைசர்கூட ஒருமுறை மறந்துபோய் மீட்டிங்கில் அப்படிக் கூப்பிட்டுவிட்டார். ஜெபா கலங்கவில்லை. மேதைகளை அவர்கள் காலம் புரிந்துகொண்டதில்லை என்று ஸ்டேட்டஸ் போட்டான்.

அந்தச் சமயத்தில்தான் அவனுக்கு யூதுக்கோ கிடைத்தது.

எங்கேயோ தேடி, எதையோ தொட்டு, எங்கேயோ போய் விழுந்த பக்கத்தில் இருந்தது அந்தக் குழு. ஆங்கில எழுத்தில் Uthuko. ஒரே ஒரு படம்: சாம்பல் நிற மூட்டத்துக்குள் உயரமான புகைபோக்கிகள், கீழே அசையாத தண்ணீர். ஆள் முகம் கிடையாது, ஊர் பெயர் கிடையாது. ஒரு பெண் குரல், ஆழ்கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, வார்த்தைகள் ஒன்றின் மேல் ஒன்று உருகி வழியப் பாடியது. பின்னால் ஒரே ஒரு கிடார் தயங்கித் தயங்கி வந்தது. கேட்டவர் எண்ணிக்கையைப் பார்த்தான். விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் பெரும்பகுதி அவனே திரும்பத் திரும்பக் கேட்டது. ஜெபாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு தூய்மையை அவன் கண்டதே இல்லை.

நிறைய யோசித்து, இது எஸ்தோனியா நாட்டுக் குழு என்று அவனே முடிவு செய்தான். படத்தில் இருப்பது பால்டிக் கடலோரத்தின் கைவிடப்பட்ட துறைமுகம். குரல் பதிவானது பாழடைந்த ஒரு தேவாலயத்தில். திரும்பத் திரும்ப வரும் 'பாஸூ வெரல்லா' என்ற வரிக்கு 'கடலின் துக்கம்' என்று பொருள். இதையெல்லாம் அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவனே உணர்ந்தான். உணர்ந்ததை ஆங்கிலத்தில் நீண்ட கடிதமாக எழுதி அந்தப் பக்கத்தின் அடியில் பின்னூட்டமாகவும் போட்டுவைத்தான். மாதக்கணக்கில் பட்டியலில் முதலிடம் யூதுக்கோவுக்குத்தான். பஸ்ஸில் தணிகாசலத்துக்கு எஸ்தோனியாவின் குளிர்காலத்தைப் பற்றி வகுப்பே எடுத்தான். "அங்க நெல்லு வெளையுமா?" என்று மட்டும் தணிகாசலம் கேட்டான்.

ஜெபாவின் மனைவி ஹெலன் வள்ளூர்க்காரி. பொன்னேரியில் ஒரு நர்சரிப் பள்ளியில் வேலை. காலையில் அவள் தோசை ஊற்ற, இவன் ஸ்பீக்கரில் பாட்டுப் போட, அவள் காது கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. ஒருநாள் நாஷ்டா தட்டை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"ஏங்க, இந்தப் பொண்ணு தமிழ்லதான பாடுது?"

ஜெபா சிரித்தான். குழந்தையைப் பார்த்துச் சிரிப்பதுபோல. "அது எஸ்தோனியன் பாஷை ஹெலன்."

"'பஸ்ஸு வரல, பஸ்ஸு வரல, பையில கீற சோறு சூடு இல்ல'ன்னு பாடுது. நல்லா கேளுங்க."

"பாஸூ வெரல்லா. கடலோட துக்கம்."

"யார் சொன்னது?"

"யாரும் சொல்ல வேணாம். ஃபீல் பண்ணணும்."

ஹெலன் ஃபீல் பண்ணிப் பார்த்தாள். பஸ்தான் வந்தது. இல்லை, வரவில்லை. அவன் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அய்ய, இது எங்க ஊருங்க! கரன்ட்டு கம்பெனி பொகபோக்கி. இந்தக் கழி ஓரமாத்தான் எங்கப்பா எறா புடிக்கப் போவாரு. தோ பாருங்க, ஓரமா பேரிக்கார்டு கூட தெரியுது, தமிழ்ல எழுதிகீது."

ஜெபா பார்த்தான். சாலைத் தடுப்பு தெரிந்தது. அதில் 'மெதுவாகச் செல்லவும்' என்று எழுதியிருந்தது. எத்தனையோ மாதமாக அந்தப் படத்தைப் பார்க்கிறான், மில்லிமீட்டர் கீறலைக் கண்டுபிடிக்கிற கண் அது. பாட்டை மறுபடி போட்டான். 'பஸ்ஸு வரல' என்றது. தெள்ளத் தெளிவாகச் சொன்னது. இனி எத்தனை முறை கேட்டாலும் அது கடலாகப் போவதில்லை. தோசை ஆறிப்போயிற்று.

அன்று மத்தியானம் கேன்டீனில் உட்கார்ந்து, அந்தப் பக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஒரே வரி அனுப்பினான்: நீங்கள் எந்த ஊர்? பதில் குரல் செய்தியாக வந்தது.

"அண்ணா வணக்கம்ணா! நீங்கதான் அவ்ளோ பெரிசா எழுதுவீங்களே, அவரா? நாங்க ஊத்துக்கோட்டைண்ணா. என் பேரு சுமலதா. தம்பி அன்புசெல்வன் கிடாரு. அந்தப் படம் அவன் வள்ளூரு பக்கம் வேலையா போனப்ப எடுத்தது. உங்க கமென்ட்ட டிக்‌ஷனரி வச்சிக்கினு படிச்சோம்ணா, பாதி புரிஞ்சிது. ஒருநாள் கடைக்கி வாங்கண்ணா, பெரியபாளையத்தாண்ட ஆரணியில பியூட்டி பார்லர் வச்சிகினு கீறேன்."

ஊத்துக்கோட்டை. பஸ்ஸில் ஏறினால் சாயங்காலத்துக்குள் போய்த் திரும்பிவிடலாம்.

போகக் கூடாது என்றுதான் நினைத்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஹெலன் பெரியபாளையம் பக்கம் ஒரு உறவுக்காரர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்ல, வழியில் ஆரணியில் இறங்கினார்கள். சின்ன பார்லர். ஒரு கல்யாணப் பெண்ணின் புருவத்தில் நூல் ஓட்டிக்கொண்டிருந்த சுமலதா, நூலை வாயில் கடித்தபடியே கையாட்டினாள். அன்புசெல்வன் பக்கத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடையில் வேலை செய்கிறவன். ஓடிப்போய் டீ வாங்கிவந்தான்.

ஜெபா மெல்ல ஆரம்பித்தான். "அந்தக் குரல்ல ஒரு எதிரொலி வருது இல்ல... அது எந்த சர்ச்சுல ரெக்கார்ட் பண்ணது?"

அக்காளும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சர்ச்சு இல்லண்ணா," என்றான் அன்புசெல்வன். "ஊட்டு மாடிக்கி புது சின்டெக்ஸ் டேங்க் வாங்கினோம். பிளம்பரு வர்ற வரைக்கும் சும்மா கெடந்திச்சு. அக்காவ உள்ள எறக்கிட்டேன்."

"பேஜாரா போச்சுண்ணா," என்றாள் சுமலதா. "உள்ள ஒரே வெக்கை. ரெண்டு பாட்டு பாடறதுக்குள்ள பிளம்பரு வந்துட்டாரு. இல்லாங்காட்டி இன்னும் நாலு பாட்டு பாடியிருப்பேன்."

"பேரு? யூதுக்கோன்னா?"

"ஊத்துக்கோண்ணா. நாங்க தெனம் போற பஸ்ஸு போர்டுல பாதி எழுத்து அழிஞ்சி பூட்ச்சி. 'ஊத்துக்கோ'ன்னு மட்டும்தான் தெரியும். பஸ்ஸுக்கு நின்னு நின்னுதான் அந்தப் பாட்டே வந்துச்சு."

ஹெலன் சிரித்த சிரிப்பில் கல்யாணப் பெண்ணும் சிரித்து, ஒரு புருவம் கொஞ்சம் ஏறிவிட்டது. ஜெபா மட்டும் டீயையே பார்த்துக்கொண்டிருந்தான். சுமலதா அவனிடம், இதுவரை அந்தப் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னது அவன் ஒருவன்தான் என்றும், சொந்த அம்மாவே இது என்ன ஒப்பாரி என்று கேட்டதாகவும் சொன்னாள். அதை அவன் சரியாகக் காதில் வாங்கவில்லை. சின்டெக்ஸ் டேங்கிலேயே நின்றுவிட்டான்.

அந்த வாரப் பட்டியலில் யூதுக்கோ நாலாவது இடத்துக்கு வந்தது. அடுத்த வாரம் கடைசி. அதற்கடுத்த வாரம் காணவில்லை. காரணம் எழுதவில்லை. எஸ்தோனியாவில் நன்றாக இருந்த அதே குரல் ஊத்துக்கோட்டைக்கு வந்ததும் எந்த விதத்தில் கெட்டுப்போனது என்று ஹெலன் கேட்டாள். தொழில்நுட்பக் காரணங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான்.

ஹெலன் விடவில்லை. பஸ் நிறுத்தத்தில் தணிகாசலத்தைப் பார்த்தபோது எல்லாவற்றையும் சொல்லி, பாட்டையும் அவன் போனுக்கு அனுப்பிவிட்டாள். தணிகாசலம் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ராக் பாட்டைக் கேட்டான். கேட்டு முடித்ததும் ஜெபாவின் தோளில் ஓங்கி ஒரு தட்டு தட்டினான்.

"ஏன்டா டேய், இது நம்ம கதைடா! இவ்ளோ நாளா இன்னாமோ வெளிநாட்டு கடலு, குளிருன்னுகினு இருந்தியே! மொதல்லயே பஸ்ஸு பாட்டுன்னு சொல்ல வேண்டிதான?"

பஸ் அவன் பேச்சுப் பொருள்களில் ஒன்று அல்லவா. அவன் ஆதிகேசவனுக்கு அனுப்பினான். ஆதிகேசவன், தன்னைக் குத்திக்காட்டும் பாட்டு என்று தெரிந்தும், அதைப் பஸ்ஸில் போட்டார். ஒரு மாதத்தில் சிப்காட்டின் எந்த நிறுத்தத்தில் நின்றாலும், ஷிப்டுக்குக் காத்திருக்கும் கூட்டம் 'பஸ்ஸு வரல, பஸ்ஸு வரல' என்று இழுத்துப் பாடியது. ஒரிசாக்காரர்களும் பீகாரிகளும் பாடினார்கள். எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டி, பல ஆயிரத்தையும் தாண்டியது. ஜெபா தன் கண்ணெதிரே ஒரு தூய்மை எச்சிலாவதைப் பார்த்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். நான்தான் முதலில் கண்டுபிடித்தேன் என்று சொல்லவும் வழியில்லை. சொன்னால் எஸ்தோனியாவையும் சொல்ல வேண்டும்.

கம்பெனியின் மனிதவள அதிகாரி திலகவதி மேடத்தின் காதுக்கும் பாட்டு போயிற்று. தொழிலாளர்கள் ஒன்றாகச் சேர்ந்து பாடுவது என்றாலே அவருக்குக் கொஞ்சம் பயம். கோஷமில்லை, வெறும் பாட்டு என்று தெரிந்ததும் அந்த நிம்மதியிலேயே, வருடாந்தரக் குடும்ப விழாவுக்கு அந்தக் குழுவை அழைத்துவிட்டார்.

கம்பெனி மைதானத்தில் மாலை வெயிலில் பந்தல். சீருடை இல்லாமல் ஒருவரையொருவர் அடையாளம் தெரியாத தொழிலாளர்கள், புதுச் சட்டைக் குழந்தைகள், கையில் கேக்கும் மிக்சரும் போட்ட காகிதத் தட்டுகள். ஜெபா கடைசி வரிசையில் ஹெலனோடு உட்கார்ந்திருந்தான். விலைபோன இசைக்குழுவை நேரில் பார்த்து வருத்தப்பட வந்ததாக அவளிடம் சொல்லியிருந்தான். சுமலதா மைக்கைப் பிடித்ததும் அவனைத்தான் தேடினாள்.

"ஜெபா அண்ணா எங்க கீறாரு? அவருதாங்க எங்களோட மொத ரசிகரு. ரொம்ப நாளு ஒரே ரசிகரு. எங்க பாட்டுல கடலோட துக்கம் கீதுன்னு எழுதியிருந்தாரு. நாங்க பஸ்ஸு வராத துக்கத்ததான் பாடினோம். ஆனா அவரு எழுதினத படிச்சப்பறம்தான், நாம பாடறது பாட்டுதான்னு எங்களுக்கே நம்பிக்கை வந்துச்சு."

"ஆல்டர்னேட்டர்!" என்று தணிகாசலம் கத்த, பந்தலே கைதட்டியது. ஜெபா எழுந்து நின்றான். என்ன செய்வது என்று தெரியாமல், மேடையை நோக்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்தான். காது சிவந்துவிட்டது. ஹெலன் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் இழுத்துக்கொள்ளவில்லை.

பாட்டு ஆரம்பித்தது. மைதானம் முழுக்க எழுந்து நின்று பாடியது. 'பஸ்ஸு வரல' என்று உச்சத்தில் இழுத்துக்கொண்டிருந்தபோது, கேட்டுக்கு வெளியே வரிசையாக ஹாரன் அடித்தது. கம்பெனி பஸ்கள் வந்துவிட்டன. விட்டால் ஹைவே வரை நடக்க வேண்டும். பாடிய வாயை மூடாமலேயே கூட்டம் திரும்பியது. தட்டு, குழந்தை, செருப்பு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு ஓடியது. தணிகாசலம் கேக்கை வாயில் கவ்வியபடி முதல் ஆளாக ஓடினான். ஒரு பாட்டு முடிவதற்குள் பந்தலில் காலி நாற்காலிகளும் சிதறிய மிக்சரும்தான் மிச்சம்.

மேடையில் அன்புசெல்வன் கிடாரை இறக்கப்போனான். சுமலதா வேண்டாம் என்று தலையாட்டினாள். கடைசி வரிசையில் இரண்டு பேர் இன்னும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் இதுவரை கேட்டிராத ஒரு புதுப் பாட்டை அவள் பாட ஆரம்பித்தாள். மாடிக்குப் போன தண்ணீர் தொட்டியைப் பற்றியதாக இருக்கலாம், வேறு எதைப் பற்றியதாகவும் இருக்கலாம். ஜெபா அதற்குப் பொருள் தேடவில்லை. வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் பார்வையில், ஒரு இசை நிகழ்ச்சிக்கு வர வேண்டிய கூட்டம் இப்போதுதான் சரியான அளவுக்கு வந்திருந்தது.

"பஸ்ஸு பூட்ச்சிங்க," என்றாள் ஹெலன்.

"போவட்டும்."

"ஊட்டுக்கு எப்பிடி போறது?"

"உஷ்."

ஸ்பீக்கர் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய லோடு ஆட்டோவில்தான் அவர்களும் போனார்கள். அன்புசெல்வன் ஓட்ட, முன்னால் சுமலதாவும் ஹெலனும் நெருக்கிக்கொண்டு உட்கார, பின்னால் பெட்டிகளுக்கு நடுவே ஜெபா. ஹைவேயில் ஏறியதும் அன்புசெல்வன் எஃப்.எம்மைத் திருகினான். ஊர் முழுக்கத் தெரிந்த, கல்யாண வீடுதோறும் ஒலித்துத் தேய்ந்த பழைய சினிமாக் காதல் பாட்டு ஒன்று வந்தது. பெண்கள் இருவரும் கூடவே பாட ஆரம்பித்தார்கள். பாட்டின் நடுவே ஒரு பாலத்தடியில் எஃப்.எம் கரகரத்து நின்றுவிட, இவர்கள் நிறுத்தாமல் பாடிக்கொண்டு போய், இரண்டாவது சரணத்தில் வரி தெரியாமல் திணறினார்கள். சுமலதா 'ம்ம்ம்' என்று ஒப்பேற்றினாள். ஹெலன் முதல் சரணத்தையே மறுபடி ஆரம்பித்தாள்.

பின்னால் ஸ்பீக்கர் பெட்டியின் மேல் சாய்ந்திருந்த ஜெபா, சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாக அடுத்த வரியை எடுத்துக்கொடுத்தான். அதற்கடுத்த வரியையும் கொடுத்தான். வயலின் வரும் இடத்தைக்கூட, ஒரு சுருதி பிசகாமல், வாயாலேயே வாசித்தான்.

ஹெலன் மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

"ரோட்டைப் பாரு," என்றான் ஜெபா.